மேற்கோள் எண்ணிக்கை வேறுபடுவது மோசடி அல்ல

செல் உயிரியல் ஆய்வாளர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கை (அவர் கட்டுரைகளைப் பிற ஆய்வுகள் எத்தனை முறை சுட்டியுள்ளன என்பது) கூகுள் ஸ்காலர் என்னும் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் அதிகமாகவும் ஸ்கோபஸ் என்னும் ஆய்வுத் தரவுத்தளத்தில் குறைவாகவும் இருப்பதால், இடைப்பட்ட வித்தியாசம் அத்தனையும் போலி என்று ஒரு தகவல் பெங்களூருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு.

இரண்டுமே 2004-இல் தொடங்கியவை என்றாலும் எண்ணும் முறை வேறு. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டுமே கணக்கிடுகிறது. கூகுள் ஸ்காலரோ முனைவர் பட்ட ஆய்வேடுகளையும், பயோஆர்க்கைவ் போன்ற தளங்களில் இதழ் ஏற்புக்கு முன்பே வெளியாகும் கட்டுரைகளையும் தானியங்கியாகத் திரட்டிச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு மாணவர் தம் ஆய்வேட்டில் குறிப்பிடும் மேற்கோள் முன்னதில் பெரும்பாலும் ஏறாது, பின்னதில் ஏறிவிடும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தோடு எழுதுவதால், ‘எஸ். குமார்’ என்பவரின் கட்டுரைகள் ‘குமார் எஸ்.’ என்ற பெயரில் தனியே பிரிந்துபோகலாம்; அதே பெயருடைய வேறொருவரின் கட்டுரைகள் வந்து கலக்கவும் கூடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2012 முதல் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆர்கிட் (ORCID) என்னும் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது.

எண்ணிக்கை மட்டுமே தரத்தைக் காட்டுவதுமில்லை. புரதங்களைப் பிரித்தறியும் ஜெல் முறையை உயிர்வேதியியலாளர் லேம்லி 1970-இல் நேச்சர் இதழில் பயன்படுத்திக் காட்டிய கட்டுரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பது, ஆய்வகங்கள் அம்முறையை அன்றாடம் பயன்படுத்துவதால்தான்.

ஒருவரின் பல்லாண்டு உழைப்பை இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்துப் பொய்யென்று பரப்புவது வேதனை தருகிறது. ஐயமிருப்பவர்கள் அவருடைய ஆர்கிட் பக்கத்திலுள்ள கட்டுரைப் பட்டியலைத் தலைப்பு வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.