பேர் தெரியாத விமானத்தில் ஏறியது அவர்கள் குற்றமா?

நம்ம ஊர்க் குழுவில் இரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பதி. பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கீழே வந்த கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். "ஊர் பேர் தெரியாத பிளைட்ல ஏறினா இப்படித்தான்." "நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய் நடுத்தெருவுல." வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வேறு. நீடாமங்கலம் பக்கத்துக்காரர்கள், மகள் பிரசவத்துக்கு மெல்போர்ன் போகிறார்கள் என்று படத்துக்கு மேலேயே எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுமா சிரித்தீர்கள்?

பேர் தெரியாத விமானத்தில் ஏறியது அவர்கள் குற்றம் இல்லை. என்ன டிக்கெட் என்று சொல்லாமல் ஏற்றிவிட்டதுதான் குற்றம்.

அந்தத் தம்பதியின் மகள் அதே பதிவின் கீழே நடந்ததை விளக்கமாக எழுதியிருந்தாள். சிரித்தவர்கள் யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து மெல்போர்னுக்கு வேறொரு நிறுவனம். இரண்டும் தனித்தனி டிக்கெட், தனித்தனி பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண்ணே வேறு வேறு. டிராவல்ஸில் இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு ஒரே பயணமாகத்தான் தெரியும். "நடுவுல நாலு மணி நேரம் இருக்கு, தாராளம்" என்று சொன்னார்களாம்.

அந்த நாலு மணி நேரத்தில் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று சொன்னார்களா? தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக மெல்போர்ன் போய்விடாது. கோலாலம்பூரில் இமிக்ரேஷன் முடித்து வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்டரில் போட வேண்டும். வெளியே வர வேண்டுமென்றால் எம்டிஏசி என்ற மலேசிய வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு மலேசியாவில் விசா வேண்டாம் என்பதுதான் ஊருக்கே தெரியும், இந்தப் படிவம் பலருக்குத் தெரியாது. அப்புறம் அங்கே டெர்மினல் ஒன்று, இரண்டு என்று இரு கட்டடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். திருச்சி விமானம் தாமதமாகக் கிளம்ப, இவர்கள் தட்டுத் தடுமாறி அடுத்த கவுன்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடியிருந்தது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் என்பதால் "நீங்கள் வரவில்லை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். காசும் போனது.

இதில் விமானத்தின் பேர் எங்கே வருகிறது?

உலகமே அறிந்த விமானங்களில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தாலும் இதே கதிதான். லண்டன் வழியாகப் பெரிய நிறுவனத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். அமெரிக்கா, கனடா மாதிரி நாட்டு விசா கையில் இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரர், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறினால்கூட டிரான்சிட் விசா கேட்பார்கள். இல்லையென்றால் இங்கே சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள். பெரிய பேர் உங்களைக் காப்பாற்றுமா? டிக்கெட்டில் பெரிய நிறுவனத்தின் பேர் இருக்கும், அடியில் பொடி எழுத்தில் 'ஆப்பரேட்டட் பை', அதாவது ஓட்டுவது இவர்கள் என்று வேறொரு நிறுவனம் இருக்கும். காசு கட்டியது ஒருவருக்கு, ஏறுவது இன்னொருவர் விமானத்தில். பேரைப் பார்த்து வாங்கியவரும் பேர் தெரியாததில்தான் உட்கார்ந்திருப்பார்.

"பாதுகாப்பு இருக்காதே" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். அதை நான் மறுக்கவில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை நமக்குப் பேர் தெரியுமா என்பதில் இல்லை. பாதுகாப்புக் குறைபாட்டால் தடை செய்த நிறுவனங்களின் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் பொதுவிலேயே வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். எத்தியோப்பியன் என்றாலே முகம் சுளிக்கிறவர்களுக்கு அது 2011 முதல் ஸ்டார் அலையன்ஸ் என்ற சர்வதேச விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பது தெரியாது. கொழும்பு வழியே போகும் ஸ்ரீலங்கன் 2014 முதல் ஒன்வேர்ல்ட் என்ற இன்னொரு கூட்டணியில் இருக்கிறது. மன்னார்குடியில் ஒரு பேரைக் கேள்விப்படவில்லை என்பதற்காக அந்த விமானம் மட்டமாகிவிடாது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், இது என் வீட்டில் நடந்தது.

தங்கையின் முதல் பிரசவத்துக்கு அம்மா கனடா போனார். சென்னையிலிருந்து, நாங்கள் யாரும் அதுவரை ஏறியிராத ஒரு விமானம். அம்மா சுத்த சைவம். டிராவல்ஸில் சொன்னோம். "இந்து மீல் போட்டாச்சு சார்" என்றார்கள். விமானக் கணக்கில் இந்து மீல் என்றால் மாட்டிறைச்சி இல்லாத சாப்பாடு, சைவம் என்று அர்த்தமில்லை. கோழியோ மீனோ ஆடோ இருக்கலாம். நம்மவர்களின் சைவத்துக்கு ஏவிஎம்எல் என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் ஒரு நாள் முன்பே. அம்மா அந்த அலுமினியத் தாளை ஓரமாகப் பிரித்திருக்கிறார். வாசனை வந்ததும் அப்படியே மடித்து மூடிவிட்டார். தட்டில் இருந்த சின்ன பன்னைத் தவிர வேறெதையும் தொடவில்லை. வேறு கேட்கலாம் என்று தெரியாது, கேட்க இங்கிலீஷும் வராது. இரண்டாவது விமானத்திலும் அதே தட்டு வந்தது.

இறங்கினால் பெட்டி வரவில்லை. கையில் ஏழு கிலோதான் என்று பயமுறுத்தியதால் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பெரிய பெட்டிக்குள் போயிருந்தன. 'மாத்திரையையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கம்மா' என்று டிக்கெட் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி என் தங்கை பெட்டி கவுன்டரில் நின்று புகார் எழுதினாள். பெட்டி வந்து சேர்ந்த பிறகு பணம் கேட்டால், "டிராவல்ஸைக் கேளுங்கள்" என்றது நிறுவனம். டிராவல்ஸ், "நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றது.

அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, இந்தியா அதில் 2009-இல் சேர்ந்தது. சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நிரூபிக்கிற இழப்புக்கு ஈடு உண்டு. அதன் உச்சவரம்பு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். பேர் தெரிந்த விமானத்துக்கு ஒரு சட்டம், தெரியாததற்கு ஒரு சட்டம் என்று அதில் இல்லை. விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுன்டரில் புகார் எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியைப் போடும்போது டேக்கில் கடைசி ஊரின் மூன்று எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மெல்போர்ன் என்றால் எம்இஎல். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"படிக்காதவர்கள் ஏன் தனியாகப் போகிறார்கள்?" என்று கேட்டவருக்கு: அந்தப் பெரியவருக்குப் பட்டா, சிட்டா, கூட்டுறவுக் கடன் பத்திரம் எல்லாம் படிக்கத் தெரியும். டிக்கெட்டின் சங்கேத எழுத்துகள்தான் தெரியாது. உங்களுக்கும் முதல் பயணத்தில் தெரிந்திருக்காது.

"காசு இருந்தால்தானே வெளிநாடு போக வேண்டும்" என்றவருக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. நெல் விற்ற காசில் டிக்கெட் எடுப்பவர்கள் விலை பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

டிராவல்ஸ்காரர்களும் பிழைக்க வேண்டாமா என்கிறீர்கள். பிழைக்கட்டும். எல்லோரும் அப்படி இல்லை, திருவாரூரில் ஒருவர் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி டிக்கெட்டோடு பின் அடித்துக் கொடுக்கிறார். எங்கே இறங்க வேண்டும், பெட்டி எடுக்க வேண்டுமா, சாப்பாடும் தண்ணீரும் போர்வையும் டிக்கெட்டில் சேர்த்தியா, தனிக் காசா, அங்கே காசு கட்ட கார்டு வேண்டுமா, கசகசா கொண்டுபோனால் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சிக்கல் என்பது வரைக்கும் அதில் இருக்கும். அவரால் முடிகிறதே.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அந்தக் கப்பல் கம்பெனியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஏற்கெனவே போய் வந்த ஊர்க்காரர்கள் கூட வந்தார்கள், சொல்லிக் கொடுத்தார்கள். சிரிக்கவில்லை.

இப்போது டெல்டாவில் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் வெளிநாட்டில். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் நாற்றங்காலை யாரிடம் விடுவது என்று தவித்துக்கொண்டே அப்பாக்கள் பெட்டி கட்டுகிறார்கள். பிரசவம் குறுவைக்காகக் காத்திருக்காது. போய் ஆறு மாதம் சமைத்து, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, குளிரில் முட்டி வலியோடு திரும்பி வருகிறார்கள். விலை குறைந்த டிக்கெட்டைத் தேடி எடுத்து அனுப்புவதும் நாம். அவர்கள் வழியில் தவித்தால் படம் எடுத்துச் சிரிப்பதும் நாமா? அந்த இடத்தில் என் அம்மாதான் எனக்குத் தெரிந்தார். உங்களுக்கு உங்கள் அம்மா தெரியவில்லையா?

படத்தை முதலில் போட்டவர் நேற்றே எடுத்துவிட்டார். பகிர்ந்தவர்கள் இன்னும் எடுக்கவில்லை. அவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். அந்தப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் என்னை நட்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடப் போகிறவர்கள் உள்பெட்டிக்கு அனுப்புங்கள். ஒரு பிஎன்ஆரா இரண்டா, பெட்டி எதுவரை போகும், சாப்பாடு என்ன என்று பார்த்துச் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள்.