ஒயர் திருட்டையும் எழுதுங்கள்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அப்பாவின் தோட்டத்தில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காப்பருக்காகத்தான். புது ஒயருக்கும் ஆள் கூலிக்கும் 12,000 ரூபாய் ஆனது. ஸ்டேஷனுக்குப் போனார். "ஒயருக்கெல்லாம் கேஸ் போட்டா நாங்க மத்த வேலையப் பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. அப்பாவும் பேசாமல் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு வெள்ளாடு போனது. அவர்கள் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. அப்புறம் எங்கள் நாய் விஷம் தின்று செத்துக் கிடந்தது. இதில் எதுவுமே எந்தக் கணக்கிலும் இல்லை. காகிதத்தில் பார்த்தால் எங்கள் ஊரில் குற்றமே கிடையாது.

எங்கள் கொங்குப் பக்கத்தில் வீடுகள் ஊருக்குள் இருப்பதைவிடக் தோட்டங்காட்டுக்குள் இருப்பது அதிகம். கிணறும், ஆடு மாடு அடைக்கிற தொண்டுப்பட்டியும் இருக்கிற இடத்திலேயே சாளை, அதாவது தோட்டத்து வீடு. கூப்பிட்டால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்காது. பிள்ளைகள் கோயமுத்தூரிலும் பெங்களூரிலும். வயசானவர்கள் இரண்டு பேர், ஒரு நாய். அந்த நாய் திடீரென்று செத்தால் அது ஒரு தகவல். அதைப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என மூன்று பேரைக் கொன்றார்கள். அது துப்புத் துலங்காமல் கிடக்கும்போதே, 2025 மே மாதம் முதல் தேதி ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியின் உடல்கள் கிடைத்தன. கடைசியில் பிடிபட்டவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, அதே ஈரோடு மாவட்டத்து ஆட்கள். பல்லடத்துக் கொலைகளையும் இவர்களே செய்தார்கள் என்றது போலீஸ். அதற்குள் எத்தனை ஊரில் வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தேகமாகப் பார்த்தோம் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த மே மாதம் எங்கள் பக்கம் ராத்திரி முழுக்க ரோந்து ஜீப் ஓடியது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஊர்ப் பையன்கள் தடி எடுத்துக்கொண்டு காவல் காத்தார்கள், சிலர் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். இரண்டும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பொதுமக்கள் போலீஸுக்கு உதவட்டும் என்று 1993-ல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு ஆரம்பித்த 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு என்ன ஆனது? 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்த பிறகு, அந்த அமைப்பின் மீதும் புகார்கள் எழுந்து அரசே தடை போட்டது. பதில் சொல்லக் கடமைப்படாதவன் கையில் அதிகாரம் கொடுக்க முடியாது.

நான் கேட்பது பீட் போலீஸ். சட்டையில் பெயர் இருக்கிற, வாரத்தில் ஒரு நாள் பேக்கரியிலோ பால் சொசைட்டியிலோ வந்து உட்காருகிற ஒரே ஆள். அவர் ஆடு போனதையும் எழுத வேண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஒயர், ஆடு, நாய் மூன்றும் ஒரே நோட்டில் வரிசையாக இருந்தால், யாரோ இந்தப் பக்கத்தை நோட்டம் பார்க்கிறார்கள் என்று எந்த ஏட்டுக்கும் புரியும். போலீஸில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இதற்கு ஜீப்பும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

இது நடக்காத காரியம் இல்லை. எங்களுக்கே அப்படி ஒருவர் இருந்தார். டி.வி.எஸ்ஸில் வருவார், வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, "புதுசா யாராச்சும் வந்தாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அம்மா அவர் நம்பரை மோட்டார் ரூம் கதவில் கரியால் எழுதி வைத்திருந்தார். ஒரு வருஷம் ஆவதற்குள் அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் யார் என்று அம்மாவுக்கு இன்று வரைக்கும் தெரியாது. போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு வேலி ஓரம் டார்ச் வெளிச்சம் தெரிந்தபோது, அம்மா 100-ஐக் கூப்பிடவில்லை. கதவில் இருந்த அதே நம்பரைத்தான் கூப்பிட்டார். அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். அங்கிருந்தே எங்கள் ஸ்டேஷனுக்குப் பேசி ஆள் அனுப்பி வைத்தார்.