கடலைச் சுத்தம் செய்தாச்சு, தெருக்குழாயை எப்போது?

சென்னையை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் அங்கேயே இன்னொன்று, 15 கோடி லிட்டர். பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல். நல்லது, வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? 2019-ல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த சென்னைக்காரர்கள்தானே நாம்.

ஆனால் அந்தத் தண்ணீர் என் வீட்டுக்கு எப்படி வந்து சேர்கிறது?

விடிகாலையில் அடிபம்பை அடித்தால் முதலில் வெறும் காற்று. அப்புறம் கறுப்பாக, சாக்கடை நாற்றத்தோடு இரண்டு மூன்று குடம். தெருவே அதை வாசலில் கொட்டிவிட்டு, அடுத்த குடத்தை மோந்து பார்த்துப் பிடிக்கிறது. புகார் கொடுத்தால் ஆள் வரும்போது மணி பதினொன்று. "இப்ப நல்லாத்தானே சார் வருது?" வரும். அழுக்கையெல்லாம் நாங்கள் காலையிலேயே பிடித்துக் கொட்டிவிட்டோமே!

காரணம் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. தண்ணீர் விடும் சில மணி நேரம் போக, குழாய் காலியாகக் கிடக்கிறது. உள்ளே அழுத்தம் இல்லாதபோது, விரிசல் வழியே பக்கத்துக் கழிவுநீர் கசிந்து நுழைகிறது. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு மோட்டாரை நேராக லைனில் மாட்டி உறிஞ்சுகிறார்கள். மோட்டாருக்கு நல்லது கெட்டது தெரியுமா? சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுக்கும். கேட்டால், "நான் போடலன்னா எனக்கு வராதே" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான், என்ன செய்ய!

வயிறு எரிவது இதில்தான். நெம்மேலியில் ஆர்.ஓ. சவ்வு வழியாகக் கோடிக்கணக்கில் செலவழித்து, மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரிக்கிறார்கள். அந்தத் தண்ணீரை ஓட்டைக் குழாயில் அனுப்பி, என் சமையலறையில் மறுபடியும் ஓர் ஆர்.ஓ.! அது ஒரு லிட்டர் தருவதற்குள் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. மெஷின் ரிப்பேர் என்றால் கேன். குழாய் வராத நாளில் லாரி. இத்தனைக்கும் நடுவில் குடிநீர் வரியை மட்டும் ஒரு தவணை விடாமல் கட்டுகிறேன். அதில் 'குடிநீர்' எங்கே என்று யாராவது காட்டுங்கள்.

நடக்காத காரியமா கேட்கிறேன்? ஒடிசாவில் பூரி 2021-லேயே 24 மணி நேரமும் குழாயில் பிடித்து அப்படியே குடிக்கும்படி தண்ணீர் விடத் தொடங்கிவிட்டது. குழாய் எப்போதும் நிறைந்து, அழுத்தத்தோடு இருந்தால் வெளி அழுக்கு எளிதில் உள்ளே வராது. மோட்டார் போட்டு உறிஞ்சவும் அவசியமில்லை.

ஆலை கட்டினால் கல்வெட்டில் பெயர் வரும். மண்ணுக்குள் குழாய் மாற்றினால் யார் கண்ணில் படும்? ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள் என்று நாங்களே திட்டுவோம். திட்டினால் திட்டிவிட்டுப் போகிறோம், தோண்டுங்கள் ஐயா!