80 வீதமாம், 80 வீதம்! டெஸ்ட் ஓடக்குள்ள எங்கட கோட்ல அவ்வளவாவது ஓடியிருக்கோணுமாம்; அதுக்குப் பேர் கவரேஜ்.

79.6. மறுகாவும் பில்ட் (கோடைக் கட்டிச் சோதிக்கிற ஓட்டம்) சிவப்பு, ஃபெயில். கல்லடிப் பாலம் தாண்டி வீட்ட வந்து சோத்துல கை வைக்கல்ல, போன் அடிக்குது: "தம்பி, கவரேஜ் விழுந்துட்டு." விழுந்தா? வலை போட்டா பிடிக்கிறது?

ஜாவா கோடை பில்ட் பண்ணுற மேவன்ல, கவரேஜ் அளக்கிற ஜகோகோ பிளகினைப் போட்டு ஆரோ 0.80 எண்டு எழுதிவெச்சாங்க. அண்டையில இருந்து மதிப்பை எடுத்துத் தாற கெட்டருக்கும் அதை வைக்கிற செட்டருக்கும் டெஸ்ட் எழுதியே என்ட தலை நரைக்குது. விடை சரியா எண்டு பாக்கிற அசர்ட் ஒண்டுமே இல்லாம மெதட்டைச் சும்மா கூப்பிட்டாலும் அந்த வரி பச்சையாம்! வாவிக்கரையால நடந்துபோனவனெல்லாம் மீன் பிடிச்சவனா?

போன கிழமை டெஸ்டுகளை ஓட்டுற ஷுவர்ஃபயர்ல ஆர்க்லைனை (ஜாவாக்குக் குடுக்கிற ஒப்ஷன் வரி) ஆரோ மாத்தி, அளக்கிற ஜகோகோ ஏஜென்டே ஏறல்ல. டேட்டா ஃபைல் இல்லையெண்டு லொக்ல ஒரு வரி முணுமுணுத்துட்டு, அந்த 80 வீதச் செக்கையே தாண்டிப் போயிட்டு. பில்ட் பச்சை! ஒண்டையுமே அளக்காத அண்டைக்குத்தான் எல்லாருக்கும் சந்தோசம். எனக்கு மட்டும், ஆறின சோறு.