சிறுவயது வழக்கு, வாழ்நாள் தடையா?

'பதினெட்டு வயசுக்குள்ள கேஸ் வாங்கினா ஆயுசுக்கும் அரசு வேலை கிடையாது, போலீஸ் சான்றிதழ்ல வந்துடும்' என்றொரு குரல்பதிவு வேலூர், காட்பாடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நேர்மாறாகச் சொல்கிறது. இச்சட்டப்படி விசாரிக்கப்பட்ட சிறாருக்கு, தண்டனை பெற்றவர்களுக்கு வரும் எந்தத் தகுதியிழப்பும் கிடையாது. மேல்முறையீட்டுக் காலமோ விதிகளில் சொன்ன காலமோ முடிந்ததும் பதிவேடுகளை அழிக்க வேண்டும். சரி, சான்றிதழ்? 74-ஆம் பிரிவைப் பாருங்கள்: முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது. சிறாரின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குரல்பதிவை, வழக்கில் சிக்கிய ஒரு பையனின் பெயரோடு பகிர்கிறவர்கள் இதை மட்டுமாவது படிக்கலாம்!

விதிவிலக்கு ஒன்று உண்டு. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ கொண்ட கொடுங்குற்றத்தில், 16 வயது நிரம்பியவரை வயது வந்தவராக விசாரித்து, குழந்தைகள் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த ஒன்றைத்தான் எல்லோருக்கும் பொருத்திவிட்டார்கள்.

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையோ அரசுத் தேர்வோ, பழைய வழக்கைக் காட்டித் திருப்பி அனுப்பினால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அப்புறம் அந்தத் தாளோடு வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போய், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேளுங்கள். தொலைபேசியில் கேட்க 15100.