வாடகை கேட்காத வீட்டுக்காரர்

அந்தப் படம் இந்த வாரம் மறுபடியும் என் வாட்சப்புக்கு வந்துவிட்டது. 2019 டிசம்பரில் புயல் அடித்து ஓய்ந்தபின் கலிஃபோர்னியாவின் டிரேக்ஸ் கடற்கரையில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்த இளஞ்சிவப்புப் புழுக்கள். கூடவே அதை ஆணுறுப்போடு ஒப்பிடும் அதே பச்சை ஜோக். உருவம் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. முதல் தடவை நானும் சிரித்தவன்தான். ஆனால் வருஷக்கணக்காக அதையே சொல்லிச் சிரிக்கிறவர்கள், அந்தப் புழு வீடு நடத்தும் அழகை ஒரு தடவையாவது படித்திருக்கலாம்.

யூரெக்கிஸ் காப்போ என்பது பெயர். கரண்டிப் புழு வகை. சேற்று மணலுக்குள் 'யு' வடிவத்தில் வளை தோண்டி உள்ளேயே இருக்கும். சாப்பாட்டுக்கு வெளியே போவதில்லை. உடம்பின் முன்பக்கத்திலிருந்து கோழை சுரந்து வளைச் சுவரில் ஒட்டி, மெல்லப் பின்னால் நகரும். நகர நகர அந்தக் கோழை புனல் மாதிரி வலையாக நீளும். பிறகு உடம்பை அலை அலையாகச் சுருக்கித் தண்ணீரை இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அதில் மாட்டும். வலை அடைத்துக்கொண்டதும் வலையோடு சேர்த்து விழுங்கிவிடும். பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம்! பெரிய துணுக்குகளை மட்டும் ஒதுக்கிவிடும்.

அந்த மிச்சத்துக்குத்தான் ஒண்டுக்குடித்தனம். சின்ன கோபி மீன், பட்டாணி அளவு நண்டு, செதில் புழு என்று ஒரே வளைக்குள் ஒரு கூட்டம். ஒரு சிப்பி இருக்கிறது, அது சாமர்த்தியசாலி. உள்ளே வராமல் பக்கத்து மணலில் புதைந்தபடி, தன் குட்டைக் குழாயை மட்டும் வளைக்குள் நீட்டித் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். சுவரைத் துளைத்துக் குழாய் இணைப்பு எடுத்த கதைதான்.

1928இல் விலங்கியலாளர்கள் ஃபிஷரும் மெக்கினிட்டியும் இந்தப் புழுவுக்குப் பெயர் வைத்தபோது லத்தீனில் சத்திரக்காரன் என்று பொருள்படும் 'காப்போ'வைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதில் அரை மனசுதான். சத்திரக்காரன் காசு வாங்குவான். இந்தக் குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரருக்கு உருப்படியாக எதையும் திருப்பிக் கொடுப்பதாகத் தெரியவில்லை. 'ஏமாளிப் புழு' என்று நண்பர் ஒருவர் கமெண்ட் போட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் வயிறு நிறைந்த பிறகுதான் மிச்சமே வெளியே வருகிறது.

புயல் மணலை அரித்தால் வளை போச்சு, புழு கரையில். படத்தில் கடற்காகங்கள் கொத்தக் காத்து நிற்கின்றன. கோபி மீனும் நண்டும் எங்கே போயின? எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தும் ஒன்றுகூடத் தென்படவில்லை.