ஜி.இ.யைச் சாய்த்தது ஆலை அல்ல, வட்டிக்கடை

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் (ஜி.இ.) மூன்று நிறுவனங்களாகப் பிரிந்ததைப் பற்றிப் பேசும் பலரும், "இத்தனை தொழிலை ஒரே குடைக்குள் வைத்தால் இப்படித்தான் ஆகும்" என்று முடித்துவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1892-இல் தொடங்கிய குழுமம் அது. பல்பு, டர்பைன், ரயில் எஞ்சின், எக்ஸ்ரே கருவி, விமான எஞ்சின் என்று பல தொழில்களை வைத்துக்கொண்டுதான் நூறு வருடம் செழித்தது. அதைச் சாய்த்தது, கடன் கொடுத்து வாங்கும் அதன் நிதிப் பிரிவான ஜி.இ. கேபிடல்.

ஆலைகளின் பலத்தால் குழுமத்துக்கு 'டிரிபிள் ஏ' என்ற மிக உயர்ந்த கடன் தரம் கிடைத்திருந்தது. அந்தப் பெயரைக் காட்டி, சில வாரங்களிலோ மாதங்களிலோ திருப்ப வேண்டிய கமர்ஷியல் பேப்பர் என்ற குறுகிய காலக் கடன் பத்திரத்தில் மலிவாகக் கடன் வாங்கினார்கள். அதையே விமானக் குத்தகை, கட்டடக் கடன் என்று வருடக்கணக்கில் முடங்கும் இடங்களில் போட்டார்கள். வட்டி வித்தியாசம்தான் லாபம். ஒரு கட்டத்தில் குழுமத்தின் லாபத்தில் கிட்டத்தட்ட பாதி இங்கிருந்து வந்தது. 2008 செப்டம்பரில் நிதி நெருக்கடியில் இந்தப் பேப்பர் சந்தை உறைந்ததும் பழைய கடனைப் புதுப்பிப்பதே பெரும்பாடாகிவிட்டது. வாரன் பஃபெட்டிடம் 10 சதவீத ஈவுத்தொகைக்கு முன்னுரிமைப் பங்குகளைக் கொடுத்து 300 கோடி டாலர் வாங்கினார்கள். கடன் பத்திரங்களுக்கு அரசு உத்தரவாதமும் தேவைப்பட்டது. அடுத்த வருடம் டிரிபிள் ஏ போயிற்று.

இதைவிட மோசமான கண்ணி, முதியோர் பராமரிப்புக் காப்பீடு. காப்பீட்டுத் தொழிலை 2004-இல் ஜென்வொர்த் என்று தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டபோதும், இந்தப் பாலிசிகளுக்கான மறுகாப்பீட்டுப் பொறுப்பு (பிற காப்பீட்டு நிறுவனங்களின் இழப்பை ஏற்கும் பொறுப்பு) ஜி.இ.யிடமே தங்கிவிட்டது. பலர் பாதியிலேயே பிரீமியம் கட்டுவதை நிறுத்திவிடுவார்கள் என்று எண்ணித்தான் அந்தக் காலத்தில் பிரீமியத்தைக் குறைவாக வைத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் விடவில்லை. நீண்ட காலம் வாழ்ந்தார்கள், பராமரிப்புச் செலவும் ஏறியது. போதாததற்கு வட்டி விகிதம் விழுந்து, போட்ட முதலீட்டின் வருமானமும் சுருங்கியது. 2018 ஜனவரியில், ஏழு வருடத்தில் 1,500 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அத்தனை வருடம் லாபமாகக் காட்டியதில் எவ்வளவு உண்மையான லாபம் என்று பங்குதாரர்கள் கேட்டது முழுக்க நியாயம்.

ஆலைப் பக்கமும் தவறு நடந்தது, மறுக்கவில்லை. 2015-இல் பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்டாமின் மின்பிரிவை வாங்கிய சிறிது காலத்திலேயே எரிவாயு டர்பைன் சந்தை சரிந்தது. 2018-இல் மின்தொழிலின் நற்பெயர் மதிப்பில் (நிறுவனங்களை வாங்கும்போது சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையில்) சுமார் 2,200 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அங்கும் கணக்கு வழக்கைப் பாருங்கள். டர்பைன் பராமரிப்பு ஒப்பந்தம் பல வருடம் ஓடும். இனி ஆகப்போகும் செலவின் மதிப்பீட்டைக் குறைத்து எழுதினால் இன்றே லாபம் ஏறும், கல்லாவில் பணம் மட்டும் ஏறாது. 2017-இன் முதல் மூன்று காலாண்டுகளில் மின்பிரிவு லாபத்தில் ஏறக்குறைய பாதி இப்படி வந்தது. அதை முதலீட்டாளர்களுக்கு விளக்கவில்லை என்பதும் சேர்ந்துதான், 2020-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 20 கோடி டாலர் அபராதம் விதித்தது.

2018 அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரியாக வந்த லாரி கல்ப் முதலில் கடனை அடைத்தார். உயிரிமருந்துத் தொழிலை டனஹருக்கும் விமானக் குத்தகையை ஏர்கேப்புக்கும் விற்றார். பிரிவினை அதற்குப் பிறகுதான். 2023 ஜனவரியில் மருத்துவக் கருவிகள் தனியாகப் போயின, 2024 ஏப்ரலில் மின்தொழில் வெர்னோவா ஆயிற்று. விமான எஞ்சின் தொழில் ஜி.இ. ஏரோஸ்பேஸ் என்ற பெயரில் மிஞ்சியது. அந்த முதியோர் பாலிசிகளின் சுமை இந்த எஞ்சின் கம்பெனியின் தலையில்தான் விழுந்திருக்கிறது.